ஐம்பத்தேழு மூட்டை நெல்

விமரிசனம் என்றால் சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் மட்டும்தானா என்ன? இந்த வாரம் ஒரு எஸ்டிமேட்டை விமரிசிக்கப் போகிறேன்.

கோடு போட்ட நோட்டுத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. எழுத்துப் பிழைகள் உண்டு, கூட்டலில் பிழை இல்லை. எழுதியவர் தஞ்சாவூரில் பைக் அக்சசரீஸ் விற்பவர். (பெயர் வேண்டாம். நல்ல மனிதர், கேட்காமலே டீ வரவழைத்தார்.) யாருக்காக எழுதினாரோ, அவர் ஒரத்தநாடு பக்கத்து இளைஞர். 2019 மாடல் அப்பாச்சி ஆர்.ஆர். 310 செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப் போகிறார். அதற்கு முன் வண்டியைத் 'தயார்' செய்ய வேண்டுமாம்.

டிராக் டே என்றால் பந்தயமில்லை. கோப்பை கிடையாது. கட்டணம் கட்டினால் ரேஸ் டிராக்கில் உங்கள் வண்டியை நீங்களே ஓட்டலாம். எதிரே மணல் லாரி வராது, குறுக்கே ஆடு வராது, டவுன் பஸ் திடீரென்று நிற்காது. வேகமாகப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு இதைவிட யோக்கியமான வழி கிடையாது என்பது என் கட்சி. பைபாஸில் பறந்து ஊரார் சாபத்தை வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி எஸ்டிமேட். வெளிநாட்டு மாதிரி சைலன்ஸர் 21,000. ஏர் ஃபில்டர் 5,500. எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் 'சிப்' 17,500. ஸ்பார்க் பிளக் 1,000. பின்னால் அகலமான டயர் 9,000. ஸ்டிக்கர் வேலை 3,000. ஆக மொத்தம் 57,000 ரூபாய்.

"அப்பாகிட்ட கேட்டிருக்கேன் சார். குறுவைப் பணம் வந்ததும் தர்றேன்னுட்டார்" என்றார் இளைஞர்.

நான் காமர்ஸ் படித்தவன். குறுவைப் பணம் என்று காதில் விழுந்ததுமே கை கால்குலேட்டரைத் தேடும். 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல், ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டைக்கு நயமாக ஆயிரம் ரூபாய். அப்படியானால் இந்த எஸ்டிமேட் ஐம்பத்தேழு மூட்டை. சுமாரான விளைச்சலில் ஓர் ஏக்கர் குறுவை மொத்தமாக ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் போகிறது. உரக்கடை பாக்கி, அறுவடை மெஷின் வாடகை, கூலி எதையும் கழிக்காமல்!

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ரூபாயில் பேசப் போவதில்லை. மூட்டையில் பேசுவோம். ரூபாயில் சொன்னால் வலிப்பதில்லை.

முதலில் சைலன்ஸர், இருபத்தொரு மூட்டை. இந்த எஸ்டிமேட்டின் கதாநாயகன் இவர்தான். "மாட்டினாலே அஞ்சு ஹெச்.பி. ஏறும் சார்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, நம்புகிறார். இந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் நகர முடியாது.

1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. 98 சி.சி., 11 குதிரைசக்தி, எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. டெல்டாவில் அந்த வண்டிக்குக் கிடைத்த மரியாதை சில எம்.எல்.ஏ.க்களுக்குக் கிடைத்ததில்லை. உற்பத்தி 1996-ல் நின்றுபோயும், இன்றைக்கும் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பளபளவென்று ஒன்று நின்றால் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அது டூ ஸ்ட்ரோக். அதில் சைலன்ஸர் என்பது புகை போகிற குழாய் மட்டும் அல்ல, எஞ்சினின் ஓர் உறுப்பு. வயிறு பெருத்து வால் சிறுத்த அந்தக் குழாய்க்குள் அழுத்த அலை போய், முட்டி, திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கிற புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். குழாயின் நீளத்தையும் வயிற்றின் பருமனையும் மாற்றினால் வண்டியின் குணமே மாறும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். உலவின் நீளம், அணசின் விரிவு, எதில் கை வைத்தாலும் ஸ்ருதி மாறிவிடும் என்பார். டூ ஸ்ட்ரோக் சைலன்ஸரும் அந்த ஜாதி வாத்தியம்.

எனவே அந்தக் காலத்து மெக்கானிக், சைலன்ஸரை வெட்டி ஒட்டி, போர்ட்டை அரத்தால் ராவி, வேகம் கூட்டிக் காட்டியது நிஜம். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், டூ ஸ்ட்ரோக் வண்டிகளை இப்படித்தான் பழக்கினார்கள். கண்ணால் பார்த்தவர்கள் ஊருக்கு வந்து சொன்னார்கள். 'சைலன்ஸர் மாத்தினா பவர்' என்பது வேதவாக்காயிற்று.

பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது, டூ ஸ்ட்ரோக் பைக்குகள் போயின. வேதவாக்கு மட்டும் போகவில்லை. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேற ஒரு வால்வ், கலவை உள்ளே வர ஒரு வால்வ் என்று தனித்தனிக் கதவுகள். எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கிறது. இங்கே சைலன்ஸர் வெறும் வடிகால். டெல்டாக்காரர்களுக்குப் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வாய்க்கால் வேறு என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் அதே அளவு, கல்லணையில் பிரித்துவிட்டது அதே அளவு. வயலின் கடைக்கோடியில் வடிகாலை மட்டும் இரண்டு மடங்கு வெட்டினால் விளைச்சலா கூடும்? சத்தம் கூடும்.

சரி, நியாயமாகவே பார்ப்போம். சைலன்ஸரும் ஃபில்டரும் சிப்பும் மூன்றும் சேர்ந்து, விஷயம் தெரிந்தவர் கையால் ட்யூன் செய்யப்பட்டு, இரண்டு குதிரைசக்தி கூட்டியது என்றே வைத்துக்கொள்வோம். 2019 மாடலுக்கு கம்பெனி சொன்ன சக்தி 34. இரண்டு என்பது ஆறு சதவிகிதம். காற்றை எதிர்த்துப் போவதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் மடிக்கு ஏறுகிறது என்று பிளஸ் டூ பௌதிகம் சொல்கிறது. ஆறு சதவிகித சக்திக்கு இரண்டு சதவிகித வேகம்தான் கிடைக்கும். 160-ல் போகிற வண்டி 163-ல் போகும். அந்த மூன்று கிலோமீட்டருக்கு நாற்பத்து நான்கு மூட்டை. அதுவும் நேர்க்கோட்டின் கடைசியில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்திருக்கும் சில விநாடிகளுக்கு மட்டும்.

இதே வண்டியை 2024-ல் 38 குதிரைசக்தியாகக் கூட்டி விட்டார்கள். அந்த நாலு குதிரைக்காக பிஸ்டனை இலேசாக்கி, காற்றுப் பெட்டியைப் பெரிதாக்கி உள்ளே கை வைக்க வேண்டியிருந்தது. 1982-லிருந்து ரேஸ் டீம் வைத்திருக்கும் கம்பெனிக்கு, வண்டி 2017-ல் வெளிவந்த பிறகு ஏழு வருஷம் ஆயிற்று. கடைக்காரர் ஒரு மத்தியானத்தில் ஐந்து தருகிறேன் என்கிறார்!

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. காற்றைத் தாராளமாக விடுகிற ஃபில்டர் தூசியையும் தாராளமாக விடும். அறுவடைக் காலத்தில், பதர் தூற்றுகிற காற்றில், கதிரறுக்கும் மெஷினுக்குப் பின்னால் வீட்டுக்குப் போகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

அகல டயர்தான் இந்தப் பட்டியலிலேயே சோகமான வரி. ஏனென்றால் டயருக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சரி. எந்த டயர் என்பதில்தான் கோட்டை விட்டார்கள். இந்த வண்டிக்குப் பின்னால் 150 அளவு டயர். அதே ரிம்மில் 160 ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, டயர் மேல் வரம்பு மாதிரி முதுகு தூக்கிக்கொள்ளும். வண்டி சாய்வதற்கு யோசிக்கும். நிறுத்தி வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் மட்டும் ஜம்மென்று இருக்கும்.

எங்கே தப்பு நடந்தது? எனக்குத் தோன்றும் காரணம் பூகோளம். டெல்டா தட்டையான பூமி. வல்லத்தைத் தாண்டினால் மேடு என்று சொல்லவே ஒன்றுமில்லை. கொல்லிமலை மாதிரி, கொடைக்கானல் மாதிரி வளைந்து வளைந்து ஏறும் பாதை இங்கே கிடையாது. வாய்க்கால் கரையோரம் சாலை திரும்பும், ஆனால் அங்கே வேகமாகத் திரும்புகிறவன் வாய்க்காலில்தான் போய் நிற்பான். ஆகவே நம் பிள்ளைகளுக்கு வேகம் என்றால் நாலு வழிச் சாலையில் நேராக முறுக்குவது. மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு. இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அதில் பன்னிரண்டு திருப்பம். (1990-ல் திறந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.) அங்கே பரீட்சை திருப்பத்தில்தான்.

திருப்பத்தில் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை, டயரின் பிடிப்பு தீர்மானிக்கிறது. பிடிப்பு பத்து சதவிகிதம் கூடினால் திருப்பத்தில் வேகம் ஐந்து சதவிகிதம் கூடும். 80-ல் திரும்பினவர் 84-ல் திரும்பலாம். அந்த நாலு கிலோமீட்டர் அடுத்த நேர்க்கோட்டுக்கும் கூடவே வரும். ஒரு சுற்றில் பன்னிரண்டு தடவை! சரியான அளவில், நல்ல மென்மையான ரப்பரில் முன்னும் பின்னும் ஒரு ஜோடி டயர் போட்டால் இருபது மூட்டைக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. மதுரையிலிருந்தே வரும் டி.வி.எஸ். யூரோகிரிப்பும் இருக்கிறது. வாங்கும்போது டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '1421' என்றிருந்தால் 2021-ம் வருஷம் பதினாலாவது வாரம் பிறந்தது. கடையில் படுத்துப் படுத்து இறுகிப் போனதைத் தள்ளுபடியில் தள்ளப் பார்ப்பார்கள். பழைய அரிசிக்குத்தான் மவுசு, பழைய டயருக்கு இல்லை.

கம்பெனிக்காரர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். யமஹா ஆர் 15 வண்டி 2008-ல் வந்தபோது ஒரே குறை, டயர் ஒல்லி. 2011-ல் இரண்டாவது பதிப்பு விட்டார்கள். சக்தி அதே 17. பின் டயரை 100-லிருந்து 130 ஆக்கினார்கள், அதற்குத் தகுந்த சக்கரத்தோடு. பின் சக்கரத்தைத் தாங்கும் கையை அலுமினியத்தில் செய்தார்கள். நம் ஓசூர்க்காரர்களின் உதாரணம் இன்னும் நேரடியானது. 2021-ல் டி.வி.எஸ். இதே ஆர்.ஆர். 310-க்கு, புதுசாக புக் செய்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி இரண்டு 'கிட்' அறிவித்தது. ஒன்று 12,000 ரூபாய்: முன்னும் பின்னும் நம் எடைக்குத் தகுந்தபடி திருகி அமைக்கக்கூடிய சஸ்பென்ஷன், துருப்பிடிக்காத பித்தளைப் பூச்சு செயின். இன்னொன்று 5,000 ரூபாய்: தாழ்ந்த ஹேண்டில் பார், உயர்த்தி வைத்த கால்மிதி. பந்தயத்தில் ஊறினவர்கள், காசு வாங்கிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். அந்தக் கிட் இரண்டிலும் சைலன்ஸர் இல்லை. பன்னிரண்டு மூட்டைக்கு ஸ்பிரிங்கும் எண்ணெயும், ஐந்து மூட்டைக்கு உட்காரும் விதம். இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சஸ்பென்ஷன் என்றதும் 'ஜெர்க் தெரியக் கூடாது' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஆடி, ஆடி, இன்னும் ஆடி, கடைசியில் நிற்கும். கொலுவில் அது அழகு. திருப்பத்தின் நடுவே பைக் அப்படி ஆடினால் டயர் ஒரு கணம் தரையை விடும், ஒரு கணம் பிடிக்கும். ஸ்பிரிங் தூக்குகிறது. அந்த ஆட்டத்தை ஒரே ஆட்டத்தில் அடக்குவது உள்ளே இருக்கிற எண்ணெய். நம் இளைஞரின் வண்டிக்கு அந்த பாக்டரி கிட் கிடையாது, 2019 மாடல். பரவாயில்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெயைப் புதிதாக மாற்றச் சொல்லலாம், கூலியோடு இரண்டு மூட்டைக்கு மேல் போகாது. பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தன் எடைக்குத் தகுந்தபடி வைக்கலாம், அதற்குக் காலணா செலவில்லை. இரண்டு சிநேகிதர்கள், ஒரு தையற்கார டேப். வண்டியைத் தூக்கிப் பிடித்து, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுப் பக்கம் ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பிறகு முழு உடுப்போடு நீங்கள் ஏறி உட்கார்ந்து அதே அளவு. வித்தியாசம் முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. நிறைய இறங்கினால் இறுக்குங்கள், இறங்கவே மறுத்தால் தளர்த்துங்கள். தஞ்சாவூரில் விசாரித்தவரை ஒரு பைக்காரரும் இதைச் செய்திருக்கவில்லை. ஸ்டிக்கர் எல்லோரும் ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பிரேக். எஸ்டிமேட்டில் அந்த வார்த்தையே இல்லை! வேகத்தைக் கூட்ட நாற்பத்து நாலு மூட்டை, நிறுத்துவதற்கு ஒரு படி நெல்கூட ஒதுக்கவில்லை. அறுபதில் போகிற வண்டியைவிட நூற்று இருபதில் போகிற வண்டியை நிறுத்த நாலு மடங்கு சூட்டை பிரேக் விழுங்க வேண்டும். சாலையில் எப்போதாவது ஒரு தடவை. டிராக்கில் சுற்றுக்கு நாலைந்து தடவை, இருபது நிமிஷம் விடாமல். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் வஸ்து. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினபின் 155 தாங்கினாலே தேர்ச்சி. அந்தச் சூட்டைத் தாண்டினால் உள்ளே கொதித்துக் குமிழி விடும். நீங்கள் லீவரை இழுப்பீர்கள், அது ஹேண்டில் பார் வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் அந்த ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? புது ஆயில் அரை மூட்டைகூட ஆகாது. நல்ல பேட் ஒரு ஜோடி மூன்று மூட்டை. ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் இன்னும் நாலைந்து. மொத்த டெல்டாவிலும் பைக்குக்குச் செய்யக்கூடிய மிக லாபமான முதலீடு அந்த அரை மூட்டைதான் என்று ஒரு பி.காம். பட்டதாரியாக சர்டிபிகேட் தரத் தயார்.

கலிபோர்னியாவில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் கீத் கோட் என்பவர் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார், 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' என்று. அதில் ஒரு கணக்கு வருகிறது. நம் கவனம் என்பது பத்து டாலர் நோட்டு மாதிரி. அதற்கு மேல் யாரிடமும் கிடையாது. புதிதாக ஓட்டுகிறவன் பெரும்பகுதியைப் பயத்துக்கே செலவழித்துவிடுகிறான், பழகப் பழகச் செலவு குறைகிறது, மிச்சம் கையில் நிற்கிறது. கணக்கு வழக்குப் பார்க்கிற புத்திக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. ஒரு அப்கிரேட் தேறுமா, தேறாதா என்பதற்கு இதைத்தான் உரைகல்லாக வைத்துக்கொண்டேன். இந்தப் பொருள் என் பத்து ரூபாயில் எனக்கு எதையாவது திருப்பித் தருகிறதா? நம்பக்கூடிய பிரேக் இரண்டு ரூபாய் தரும். வழுக்காத டயர் மூன்று ரூபாய் தரும். அலறுகிற சைலன்ஸர் தராது, தன் பங்குக்கு ஒரு ரூபாயைப் பிடுங்கிக்கொள்ளும்.

அவருடைய பள்ளியே இருங்காட்டுக்கோட்டையில் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. டி.வி.எஸ். போன்ற கம்பெனிகளும் தங்கள் வண்டிக்காரர்களுக்கு அங்கே பயிற்சி நடத்துவதுண்டு. கட்டணம் அதிகம் என்பார்கள். இருக்கட்டுமே. சைலன்ஸர் அந்த வண்டியோடு போகும், கற்றுக்கொண்டது அடுத்த வண்டிக்கும் வரும். தேய்மானமே இல்லாத சொத்து என்று எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் எதையும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் இதைக் காட்டியிருப்பார்.

உடம்புக்கு: லெதர் ஸூட், கையுறை, பூட்ஸ், ஒழுங்கான ஹெல்மெட். எல்லாம் சேர்த்து நாற்பது மூட்டைக்குக் குறையாது. இதில் பேரமே கூடாது. டிராக் என்றால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2023-ல் மட்டும் இந்த டிராக்கில் இரண்டு உயிர்கள் போயின, ஜனவரியில் கார் பந்தயத்தில் ஒருவர், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் ஒரு சிறுவர். கையில் ஐம்பத்தேழு மூட்டைதான் இருக்கிறதென்றால் நாற்பது இதற்கு. மீதி பதினேழில் பிரேக்கும் ஃபோர்க் ஆயிலும் போக பத்து மூட்டைக்கு மேல் நிற்கும். இருக்கிற டயர் நன்றாக இருந்தால் இந்த வருஷம் அதிலேயே ஓட்டலாம், இல்லாவிட்டால் அடுத்த பருவம் வரை டிராக் காத்திருக்கும். சில இடங்களில் ஸூட் வாடகைக்கும் தருகிறார்கள், விசாரியுங்கள்.

அப்படியும் 'பவர்' வேண்டும் என்று மனசு கேட்கவில்லையா? முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைவாகப் போடுங்கள். பதினைந்துக்குப் பதில் பதினாலு என்றால் எல்லா கியரிலும் ஏழு சதவிகிதம் இழுவை கூடும், உச்சபட்ச வேகம் கொஞ்சம் குறையும். ஒரு மூட்டைக்குள் வேலை முடிந்தது. பிடிக்கவில்லையா, பழையதை மாட்டிக்கொள்ளலாம். கண்ணாடி, பின் சீட் கைப்பிடி, நம்பர் பிளேட் எல்லாம் டிராக்குக்கு முன் கழற்றினால் இரண்டு மூன்று கிலோ குறையும், செலவில்லை. வண்டி 170 கிலோ சொச்சம். ஓட்டுகிறவர் ஐந்து கிலோ குறைந்தாலும் அதே பலன். (இதை எழுதுகிறவன் கேசரிப் பிரியன். மேற்கொண்டு பேச அருகதை இல்லை.)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சைலன்ஸருக்கு இருபத்தொன்று கொடுத்தது போதாமல் செக்போஸ்டில் இன்னும் ஐந்து மூட்டை.

டிராக்கில் ஓட்டும்போது டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள், சூட்டில் அழுத்தம் ஏறும் என்பதற்காக. எவ்வளவு என்று அங்கே இருக்கும் பயிற்சியாளரைக் கேளுங்கள். முதல் சுற்று முழுக்க டயர் சூடாகட்டும் என்று நிதானமாகப் போங்கள். சாயங்காலம் கிளம்பும் முன் மறக்காமல் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். ஊருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அறுவடை நாளாக இருந்தால் கும்பகோணம் தாண்டியதும் கிராமத்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் எந்த ரப்பரும் பிடிக்காது.